ஓசூரில் தண்ணீர் 97இல் கொதிக்கும்

இன்ஸ்ட்ருமென்ட் பிரிவுக்குப் புதிதாக வரும் பையன்களுக்கு நான் முதலில் கொடுத்துவந்த வேலை ஒன்றுதான். ஒரு பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, தெர்மாமீட்டரை அதில் விட்டு, அளவை எழுதிக்கொண்டு வரவேண்டும். ஐடிஐ முடித்துவிட்டு வருகிறவன் 97 என்று கண்ணால் பார்ப்பான், 100 என்று எழுதிக்கொண்டு வருவான். ஒரே ஒருவன் மட்டும், "சார், இந்த மீட்டர் கெட்டுப்போச்சு, வேற குடுங்க" என்று கேட்டான். அவன் தேறுவான் என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. பார்த்ததை நம்பி, மீட்டரைச் சந்தேகப்பட்டவன் அவன் ஒருவன்தான்.

மீட்டரில் கோளாறு இல்லை. ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் சென்னையைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவு. அதனால் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஊட்டியில் 93 டிகிரிக்குள்ளேயே. இதையே திருப்பிப் போட்டு, கொதிநீரில் தெர்மாமீட்டரை விட்டு மலையின் உயரத்தைக் கணக்கிட்ட சர்வேக்காரர்கள் 19ஆம் நூற்றாண்டில் நிறையப் பேர். இன்று நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சென்சாரைச் சோதிக்கிறேன் என்று உட்காருகிற பிள்ளைகள் தடுக்கி விழுவதும் இந்த மூன்று டிகிரியில்தான்.

ஓசூர் என்றால் சிப்காட், வண்டி, வாட்ச், ரோஜா என்று பேசுவார்கள். இந்த ஊரில் சூட்டை அளக்கும் தொழிலுக்கும் ஒரு சரித்திரம் உண்டு. யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. அதில் பாதியை என் வீட்டிலும் பாதியை வேலையிலும் பார்த்தவன் என்பதால் எழுதுகிறேன்.

எனக்குத் தெரிந்தவரை, இந்தப் பக்கத்தில் தெர்மாமீட்டர் வந்த காரணம் காய்ச்சலும் இல்லை, பயிரும் இல்லை. நிலத்தை அளப்பதற்கு. 1800இல் வில்லியம் லாம்டன் என்ற சர்வே அதிகாரி பெங்களூர் அருகே ஓர் அடிக்கோடு அளந்தார். 1802இல் சென்னை பரங்கிமலைக்குப் பக்கத்தில் இன்னொன்று. இந்தியா முழுவதையும் முக்கோணம் முக்கோணமாக அளந்த பெரிய சர்வேயின் தொடக்கம் அது. அவரிடம் இருந்தது 100 அடி எஃகுச் சங்கிலி. வெயில் ஏறினால் சங்கிலி நீளும். 10 டிகிரி செல்சியஸ் ஏறினால் 100 அடிக்கு மூன்றரை மில்லிமீட்டர். மைல்கணக்கில் சங்கிலியைத் தூக்கித் தூக்கிப் போட்டால் அது எங்கே போய் நிற்கும்? அதனால் சங்கிலியை மரப்பெட்டிகளுக்குள் கிடத்தி, கூடவே தெர்மாமீட்டர்களை வைத்து, ஒவ்வொரு தடவையும் சூட்டைக் குறித்து, நீளத்தைத் திருத்திக்கொண்டார்கள். 1804இல் பெங்களூரில் மறுபடியும் ஓர் அடிக்கோடு அளந்து கணக்கைச் சரிபார்த்தார்கள். அளப்பது ஒரு வேலை, அளவுகோலையே அளப்பது இன்னொரு வேலை என்பதை இந்த வட்டாரத்தில் முதலில் செய்து காட்டியவர் அந்த மனுஷன்தான் என்று எனக்கு அவர்மேல் ஒரு மரியாதை.

எங்கள் வீட்டுக்குத் தெர்மாமீட்டர் வந்தது பட்டுப்புழுவின் புண்ணியத்தில். திப்பு காலத்தில் வங்காளத்திலிருந்து புழுவும் வித்தையும் மைசூர்ச் சீமைக்கு வந்தன. எல்லைக்கோடு பிற்பாடு வந்தது. மல்பெரி அதற்கு முன்பே இந்தப் பக்கமும் படர்ந்துவிட்டது. கொள்ளேகால் ஒரு காலத்தில் நம்முடைய கோயம்புத்தூர் ஜில்லாவில் இருந்தது. 1956இல் மைசூருக்குப் போய்விட்டது. பட்டு வளர்க்கிறவர்களுக்கு அந்தக் கோடு பெரிதாகத் தெரிந்ததில்லை. கெலமங்கலம் பக்கத்தில் எங்கள் ஊரில் புழுவீட்டுப் பேச்சு பாதி தெலுங்கு, கால் கன்னடம், மிச்சம் தமிழ்.

புழுவீடு என்றால் மண்சுவர், சாணி மெழுகிய தரை, மூங்கில் ஸ்டாண்டு, அதில் அடுக்கடுக்காகத் தட்டு. பழுத்த புழுவை ஏற்றிவிடுவதற்கு ஓரத்தில் சந்திரிகை சாய்த்து வைத்திருக்கும். 100 முட்டைத் தொகுதி வாங்கினால் 40,000, 50,000 புழு. நம் உடம்பு போலப் புழுவின் உடம்பு தன் சூட்டைத் தானே வைத்துக்கொள்ளாது. அறை என்ன சூடோ அதுதான் புழுவின் சூடு. குளிர்ந்தால் தின்னாது, வளர்ச்சி நாள் கணக்கில் இழுத்துக்கொண்டே போகும், இலைச் செலவு ஏறும். ஈரத்தோடு குளிர் சேர்ந்தால் சுண்ணக்கட்டி நோய். சித்திரை வெயிலில் புழுங்கினால் வேறு சீக்கு. குஞ்சுப் புழுவுக்கு 27, 28 டிகிரியும் நல்ல ஈரமும் வேண்டும். கடைசிப் பருவத்துக்கு 24, 25 போதும், ஈரமும் குறைய வேண்டும். வளர வளரக் குளிர்ச்சி கேட்கிற ஜீவன்.

அம்மா இந்த எண் எதையும் அறியாதவள். தட்டுக்கு மேலே குனிந்து கன்னத்தைக் காட்டுவாள். இலையை எடுத்து மடித்துப் பார்ப்பாள்; சடக்கென்று முறிந்தால் சரி, துவண்டால் அறை காய்ந்திருக்கிறது. மார்கழி ராத்திரியில் கரிச்சட்டி வைப்பது, பங்குனியில் கோணிச் சாக்கை நனைத்து ஜன்னலில் தொங்கவிடுவது, எல்லாம் அந்தக் கன்னம் சொன்னபடிதான். கரிச்சட்டியை உள்ளே வைத்தால் புகை தெளிகிறவரை யாரையும் தட்டுக்குப் பக்கத்தில் விடமாட்டாள்.

பட்டு இலாகா ஆள் ஒரு நாள் வந்து இரட்டைத் தெர்மாமீட்டர் ஒன்றை மாட்டிவிட்டுப் போனார். பலகையில் இரண்டு கண்ணாடிக் குழாய். ஒன்று வறண்டது. மற்றதன் குமிழில் துணித்திரி சுற்றி, திரியின் நுனி தண்ணீர்க் குப்பிக்குள் இருக்கும். திரியிலிருந்து தண்ணீர் ஆவியாகும்போது அந்தக் குழாய் குளிரும். காற்று எவ்வளவு காய்ந்திருக்கிறதோ அவ்வளவு குளிரும். வறண்டது 25, ஈரமானது 22 என்றால் அட்டவணையில் ஈரப்பதம் 77 சதவீதம். இரண்டும் ஒன்றாகக் காட்டினால் காற்று முழுக்க நனைந்திருக்கிறது என்று அர்த்தம். அல்லது திரி காய்ந்துபோய்விட்டது என்று அர்த்தம். இந்த இரண்டாவது அர்த்தம் எந்த அட்டவணையிலும் இருக்காது.

அவர் அதை மாட்டியது வாசலுக்கு எதிர்ச் சுவரில், உள்ளே நுழைந்தவுடன் கண்ணில் படுகிற மாதிரி. அம்மா ரெண்டு நாள் பார்த்தாள். "புழு என்ன செவுத்துலயா இருக்குது?" என்று கேட்டுவிட்டு, பலகையைக் கழற்றி நடு ஸ்டாண்டில், மூன்றாம் தட்டு மட்டத்தில் கட்டிவிட்டாள். ஓட்டுக் கூரைக்குக் கீழே மேல்தட்டுக்கும் தரையோரத் தட்டுக்கும் இரண்டு மூன்று டிகிரி வித்தியாசம் இருக்கும். பிற்பாடு நான் படித்த எந்தப் பாடத்திலும் சென்சாரை எங்கே வைப்பது என்பதை இவ்வளவு சுருக்கமாக யாரும் சொல்லித்தரவில்லை. அந்தப் பலகையில் ஃபாரன்ஹீட், சென்டிகிரேட் இரண்டும் கோடு போட்டிருந்தது. எங்கள் வீட்டில் இன்று வரைக்கும் மனுஷக் காய்ச்சலுக்கு ஃபாரன்ஹீட், புழுவுக்கு சென்டிகிரேட்.

மஞ்சள் கூடு கட்டுகிற அந்தக் காலத்துக் கலப்பினப் புழுக்கள் முரட்டுத்தனமானவை. இரண்டு டிகிரி அப்படி இப்படி ஆனாலும் தாங்கிக்கொள்ளும். 1990களில் மைசூர் ஆராய்ச்சி நிலையமும் ஜப்பான் நிபுணர்களும் சேர்ந்து வெண்கூடு கட்டும் பைவோல்டைன் கலப்பினங்களைக் கொண்டுவந்தார்கள். சிஎஸ்ஆர்2, சிஎஸ்ஆர்4 ஆகிய இரண்டையும் கலந்த ரகம் அவற்றில் பேர்போனது. நூல் நீளம், விலை ஜாஸ்தி. ஆனால் 30 டிகிரியைத் தாண்டினால் முகம் சுளிக்கும். கன்னத்தை வைத்து வளர்த்த காலம் அத்தோடு முடிந்தது. குஞ்சுப் பருவத்தைத் தனியார் சாக்கி சென்டர்கள் எடுத்துக்கொண்டன. மண்வீடு போய்த் தனி வளர்ப்பு மனை வந்தது, மூங்கில் தட்டு போய்க் கிளையோடு இலை போடும் அடுக்கு வந்தது, சந்திரிகை போய் பிளாஸ்டிக் நெட்ரிகா வந்தது. தெர்மாமீட்டர் மட்டும் அதே கண்ணாடிக் குழாய். ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து டார்ச் அடித்துப் பார்த்தால்தான் அது சொல்லும்.

இதற்கிடையில் சாலைக்கு அந்தப் பக்கம் வேறு உலகம். சிப்காட் நிறுவனம் 1971இல் உருவானது. அதன் முதல் தொழிற்பேட்டைகளில் ஒன்று ஓசூர். 1980ஐ ஒட்டி அசோக் லேலண்ட் வந்தது, டிவிஎஸ் மொபெட் வந்தது. பின்னாலேயே அவற்றுக்கு உதிரிபாகம் செய்யும் சிறு பட்டறைகள் சிட்கோவிலும் சந்துபொந்துகளிலும் முளைத்தன. நான் ஐடிஐயில் இன்ஸ்ட்ருமென்ட் மெக்கானிக் படித்துவிட்டு ஹீட் ட்ரீட்மென்ட் செய்யும் இடம் ஒன்றில் சேர்ந்தேன்.

பல்சக்கரத்தின் மேல்தோலைக் கெட்டிப்படுத்த அதை 900 டிகிரிக்கு மேலே கரிவாயுவில் வேகவைக்க வேண்டும். அங்கே பாதரசம் ஆகாது. 'கே டைப்' தெர்மோகப்பிள்: இரண்டு உலோகக் கம்பிகளை நுனியில் பற்றவைத்தது. நுனி சூடானால் மறுமுனையில் ஒரு சிறு மின்னழுத்தம் எழும், டிகிரிக்கு 40 மைக்ரோவோல்ட் போல. ஸீபெக் என்ற விஞ்ஞானி 1821இல் கண்ட சங்கதி. அந்த மைக்ரோவோல்ட்டை அடுப்பிலிருந்து கண்ட்ரோல் ரூம் வரைக்கும் கூட்டிக்கொண்டு போவதில்தான் எங்கள் பிழைப்பு ஓடியது. வழியில் மோட்டார் கேபிளோடு ஒட்டிப் போனால் ஊசி நடுங்கும். கம்பியை மாற்றி முறுக்கினால் கணக்கு தலைகீழ். கண்ட்ரோல் ரூமில் வட்டக் காகிதம் ஒரு நாளைக்கு ஒரு சுற்று சுற்றும், மைப்பேனா சூட்டைக் கோடாக இழுத்துக்கொண்டே போகும். செகண்ட் ஷிப்டில் யார் தூங்கினார்கள் என்பதை அந்தக் கோட்டைப் பார்த்தே சூப்பர்வைசர் சொல்லிவிடுவார்.

தெர்மோகப்பிள் வயதானால் பொய் சொல்ல ஆரம்பிக்கும். ஐந்து டிகிரி, எட்டு டிகிரி என்று மெல்ல நழுவும். அதனால் குறித்த நாளில் கழற்றி, நம்பகமான இன்னொன்றோடு சேர்த்து வைத்து, வித்தியாசத்தை எழுதி, சீட்டு ஒட்டி மாட்ட வேண்டும். இந்தப் பழக்கம்தான் ஓசூருக்கு சிப்காட் கொடுத்த பெரிய சொத்து என்பது என் கணிப்பு. சம்பளம் கணக்கில் வராது என்று சொல்லவில்லை. ஆனால் எந்தக் கருவியையும் அதன் சொந்த வார்த்தையை வைத்து நம்பாதே என்ற ஒழுக்கம், கெலமங்கலத்திலிருந்தும் தேன்கனிக்கோட்டையிலிருந்தும் பஸ் ஏறி வந்த ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்குள் இறங்கியது.

1984இல் டைட்டன் தொடங்கப்பட்டது. பள்ளி முடித்த கிராமத்துப் பிள்ளைகளை எடுத்துப் பழக்கி வாட்ச் செய்யவைத்தார்கள். குவார்ட்ஸ் கடிகாரத்தின் உள்ளே ஒரு சின்னப் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிரும். அதை எண்ணித்தான் முள் நகர்கிறது. அந்தப் படிகம் 25 டிகிரிக்குப் பக்கத்தில்தான் ஒழுங்காக இருக்கும். கூடினாலும் குறைந்தாலும் கடிகாரம் கொஞ்சம் பின்தங்கும். கடிகாரக்காரர்களுக்கு அது தொல்லை. அதையே வரவாக்கிக்கொண்ட ஒரு கம்பெனி அமெரிக்காவில், அதே 1984இல் தொடங்கியது: டல்லாஸ் செமிகண்டக்டர். அவர்களுடைய டிஎஸ்1820 என்ற சில்லுக்குள் இரண்டு துடிப்பிகள். ஒன்று சூட்டுக்கு அசையாதது, மற்றது சூடேற ஏற வேகம் மாறுவது. இரண்டாவது வரையறுக்கும் நேரத்துக்குள் முதலாவது எத்தனை தடவை துடிக்கிறது என்று எண்ணினால் டிகிரி கிடைத்துவிடும். வாட்ச் ஊர்க்காரனுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

ஆனால் அந்தச் சில்லு இங்கே வந்து சேரும் முன்னால் எல்எம்35 காலம் ஒன்று இருந்தது. பாலிடெக்னிக் பிராஜெக்ட் என்றாலே 8051 மைக்ரோகண்ட்ரோலர், மின்னழுத்தத்தை எண்ணாக்கும் ஒரு ஏடிசி சில்லு, ஒரு எல்எம்35, பச்சை வெளிச்ச டிஸ்பிளே. டிகிரிக்கு 10 மில்லிவோல்ட் கொடுக்கும் எளிய சென்சார் அது. மேஜைமேல் அருமையாக வேலை செய்யும். பத்தடி ஒயர் இழுத்துப் புழுவீட்டில் மாட்டினால் டியூப்லைட் போடும்போதெல்லாம் மூன்று டிகிரி குதிக்கும். அடுப்படியில் நாங்கள் பட்ட அதே அவஸ்தை. சாமான் வாங்கப் பெங்களூர் எஸ்.பி. ரோடுதான். ஓசூரிலிருந்து பஸ் ஏறினால் காலையில் போய் மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம் என்பது அன்றைய கதை. இன்றைக்கு சில்க் போர்டு ஜங்ஷனைத் தாண்டுவதற்குள் சாப்பாட்டு நேரம் போய்விடுகிறது. பட்டு வாரியத்தின் பெயரில் இருக்கும் அந்தச் சந்திப்பில்தான் எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் ஆயுசில் பாதி கழிகிறது.

2005இல் இத்தாலியில் ஆர்டுயினோ என்ற மைக்ரோகண்ட்ரோலர் போர்டு வந்தது. 2014வாக்கில் வைஃபையைத் தனக்குள்ளேயே வைத்திருக்கும் இஎஸ்பி8266 வந்தது. டல்லாஸ் சில்லும் டிஎஸ்18பி20 ஆக வளர்ந்திருந்தது. டல்லாஸ் கம்பெனியை 2001இல் மாக்ஸிம் வாங்கியது, மாக்ஸிமை 2021இல் அனலாக் டிவைசஸ் வாங்கியது. கடையில் இன்னும் டல்லாஸ் சென்சார் என்று கேட்டால்தான் எடுத்துக் கொடுப்பான். போலியும் ஏராளம்.

அக்கா மகன் ஒரு கம்பெனியில் ஷிப்ட் பார்க்கிறான். அவர்கள் வளர்ப்பு மனைக்கு இந்தச் சென்சாரை மாட்டும்போது என்னைக் கூப்பிட்டான். எஃகுக் குழாய்க்குள் அடைத்த சென்சார், மூன்று ஒயர். சிவப்பு 3.3 வோல்ட்டுக்கு, கறுப்பு கிரவுண்டுக்கு, மஞ்சள் போர்டின் டேட்டா பின்னுக்கு. சிவப்புக்கும் மஞ்சளுக்கும் குறுக்கே 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர்: மஞ்சள், ஊதா, சிவப்புப் பட்டை. அந்த ரெசிஸ்டரை விட்டுவிட்டால் திரையில் மைனஸ் 127 வரும். மாடியூலாக வாங்கினால் ரெசிஸ்டர் போர்டிலேயே இருக்கும். இதன் சாமர்த்தியம், சூட்டை எண்ணாக மாற்றும் வேலை சென்சாருக்கு உள்ளேயே முடிந்துவிடுகிறது. ஒயரில் போவது மைக்ரோவோல்ட் இல்லை, எண். டியூப்லைட் போட்டாலும் 26 என்பது 29 ஆகாது. ஒவ்வொரு சென்சாருக்கும் பிறப்பிலேயே 64 பிட் அடையாள எண் உண்டு. அதனால் ஒரே மஞ்சள் ஒயரில் பல சென்சார்களைக் கோக்கலாம்.

அங்கேதான் எனக்கு அம்மாவின் பலகை கைகொடுத்தது. ஒரே ஒயரில் இரண்டு சென்சார். ஒன்று சும்மா. மற்றதன் எஃகு முனையில் ஸ்டவ் திரியைக் கொதிக்கவைத்து அலசிச் சுற்றி, நுனியை ஒரு டப்பாத் தண்ணீரில் விட்டோம். காற்று ஓட ஒரு பழைய கம்ப்யூட்டர் ஃபேன். ஈரப்பதத்துக்குத் தனிச் சென்சார் மலிவாகவே கிடைக்கிறது. ஆனால் வளர்ப்பு மனையில் ஃபார்மலின் அடிப்பார்கள், பிளீச்சிங் பவுடர் போடுவார்கள், சுண்ணாம்பு தூவுவார்கள். திறந்த முகம் உள்ள எந்தச் சென்சாரும் அங்கே அதிக நாள் உண்மை பேசாது. திரி அழுக்கானால் மாற்றிக்கொள்ளலாம்.

மாட்டுவதற்கு முன் தெர்மோஸ் பிளாஸ்க்கில் ஐஸை நொறுக்கிப் போட்டு, கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கலக்கி, இரண்டு சென்சாரையும் கண்ணாடித் தெர்மாமீட்டரையும் ஒன்றாக இறக்கினோம். ஒன்று 0.2 காட்டியது, மற்றது 0.4. மருமகனுக்கு வருத்தம். திரையில் 26.4375 என்று தசமத்துக்குப் பின்னால் நாலு எண் வந்ததைப் பார்த்து அவன் மயங்கியிருந்தான். சில்லு 16இல் ஒரு பங்கு டிகிரியாக எண்ணுகிறது, அதனால் அத்தனை எண். கம்பெனி உத்தரவாதம் கொடுப்பது அரை டிகிரி கூடக்குறைய என்று மட்டும்தான். வித்தியாசத்தைப் புரோகிராமில் கழித்துவிட்டு, தேதியோடு சீட்டு எழுதி டப்பாமேல் ஒட்டச் சொன்னேன். எழுதும்போது தசமத்துக்குப் பின்னால் ஒரு எண் போதும் என்றும் சொன்னேன்.

ஒரு ராத்திரி போன் அடித்தான். "மாமா, எண்பத்தஞ்சு காட்டுது! நான் ஷிப்ட்ல இருக்கேன், அம்மா போன் எடுக்கல." எண்பத்தைந்தில் புழு இருக்காது, கூரையும் இருக்காது. இந்தச் சில்லுக்கு மின்சாரம் போய் வந்தால் முதலில் வைத்திருக்கும் எண் 85. புதிதாக ஒருதரம் அளந்து முடிக்க முக்கால் நொடி எடுக்கும். அதற்குள் கேட்டால் அந்த 85ஐயே நீட்டும். நான் இன்னும் அளக்கவில்லை என்று அது சொல்லும் முறை அப்படி. ஈரத்தில் ஜம்பர் ஒயரின் முனை துருப்பிடித்து, ஆடும்போதெல்லாம் சில்லு செத்துப் பிழைத்துக்கொண்டிருந்தது. மறுநாள் ஒயரைப் பற்றவைத்து, இணைப்பின்மேல் மெழுகு ஊற்றி, 85ஐயும் மைனஸ் 127ஐயும் அளவாக எடுத்துக்கொள்ளாதே என்று புரோகிராமில் இரண்டு வரி சேர்த்தான். அக்கா போனை எடுக்காததற்குக் காரணம், அவள் வளர்ப்பு மனையிலேயே இலை போட்டுக்கொண்டிருந்தாள். அங்கே 25தான்.

விஷயம் பரவி, அமுதகொண்டப்பள்ளிப் பக்கத்து ரோஜாக்காரர் ஒருவர் வந்தார். காதலர் தினத்துக்கு வெளிநாடு போகும் ரோஜா, வெட்டியவுடன் 2 முதல் 4 டிகிரி குளிர் அறைக்குப் போயாக வேண்டும். அங்கே அரை டிகிரி என்பது பெரிய விஷயம். அவருக்குச் சென்சார் பிரச்சினை இல்லை, மணிதான் பிரச்சினை. ஆள் உள்ளே போய் வருகிறபோதெல்லாம் கதவுக் காற்றில் அலாரம் அடித்து அடித்து, வேலையாட்கள் கடைசியில் அதன் ஒயரையே பிடுங்கிவிட்டார்கள். பூ அறைக் காற்றைப் போலச் சட்டென்று சூடாவதில்லை. அதனால் சென்சாரைக் காற்றில் தொங்கவிடாமல், அரை லிட்டர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, மூடியில் ஓட்டை போட்டு உள்ளே இறக்கி, நடு அடுக்கில் பக்கெட்டுகளுக்கு இடையில் வைக்கச் சொன்னேன். அளவு அலைபாய்வது நின்றது. மாசி முடிந்ததும் கழற்றி ஐஸில் வைத்துப் பார்த்துவிட்டு மறுபடி மாட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்.